ஊஞ்சல் சண்டை என்று எழுதினார்கள்: மர்வா அல்-ஷெர்பினி கொலை வழக்கு

2008 ஆகஸ்ட் 21. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் இருக்கும் டிரெஸ்டன் நகரம். யோஹான்ஸ்டாட் என்ற குடியிருப்புப் பகுதியில் சின்னதாக ஒரு விளையாட்டுத் திடல். 27 வயது ஆள் ஒருவன் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறான், கூடவே அவன் வீட்டுச் சிறுமி ஒருத்தி. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் தன் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளை கொஞ்சம் ஆடட்டும், இடம் விட முடியுமா என்று கேட்கிறார். உலகத்தில் எந்தத் திடலிலும் எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான்.

அதற்கு அவன் கொடுத்த பதில் "இஸ்லாமியத் தீவிரவாதி", "பயங்கரவாதி", கூடவே ஒரு நடத்தை வசவு. சுற்றி இருந்தவர்கள் தடுத்துப் பார்த்தும் அவன் அடங்கவில்லை. போலீஸ் வந்தது. அந்தப் பெண் புகார் கொடுத்தார்.

பெயர் மர்வா அல்-ஷெர்பினி. 1977இல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்தவர். மருந்தியல் படித்தவர், எகிப்தின் தேசிய ஹேண்ட்பால் அணியில் ஆடியவர். கணவர் மரபணு ஆய்வாளர், டிரெஸ்டனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தார். 2005இல் ஜெர்மனிக்கு வந்தார்கள். முதலில் பிரெமன், பிறகு டிரெஸ்டன்.

புகார் கொடுத்ததை ஒரு சாதாரணக் காரியமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய நகரங்களில் முக்காட்டோடு தெருவில் நடக்கும் பெண்கள் இப்படிப் பேச்சு வாங்குவதைக் கணக்கில் வைப்பதில்லை. வைத்தால் வாழ்க்கை ஓடாது. "விடு, போகட்டும், நமக்கு எதுக்கு வம்பு" என்று வீட்டில் சொல்வார்கள். மர்வா விடவில்லை. இந்த நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அது எனக்கும் உண்டு என்று நம்பிப் போனார். ஜெர்மனியில் "ஒருங்கிணைதல்" பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். வந்தவர்கள் இந்த நாட்டு நெறிகளை ஏற்க வேண்டும் என்பார்கள். ஒரு நாட்டின் நீதிமன்றத்தை நம்பி அதன் படியேறுவதைவிட அந்த நெறியை வேறு எப்படி ஏற்பது?

வழக்கு நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 185ஆம் பிரிவு ஒருவரை அவமதித்துப் பேசுவதைக் குற்றமாக்குகிறது. அபராதமோ சிறையோ கிடைக்கலாம். சின்ன வழக்குகளில் விசாரணையே இல்லாமல், எழுத்தில் ஒரு தண்டனை ஆணை வீட்டுக்கு வரும். ஏற்றுக்கொண்டு பணம் கட்டினால் கதை முடிந்தது. அவனுக்கு வந்த ஆணை 330 யூரோ. அவன் ஆட்சேபித்தான். அதனால் வழக்கு கீழ்நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கேயும் அவன் தன் பேச்சிலிருந்து இறங்கவில்லை. இப்படிப்பட்டவர்களை அவமதிக்கவே முடியாது என்ற தொனியில் வாதாடினான். அபராதம் 780 யூரோவாக ஏறியது. அவன் மேல்முறையீடு செய்தான். அரசுத் தரப்பும் செய்தது, தண்டனை போதாது என்று.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்த வழக்கின் கோப்பைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று இதிலிருந்து தெரிகிறது. ஊஞ்சலுக்காக வந்த வாய்த்தகராறு இல்லை இது, ஒரு மனிதரை அவருடைய மதத்துக்காக வெறுப்பது என்று அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. ஆனால் அந்தப் புரிதல் கோப்போடு நின்றுவிட்டது, நீதிமன்ற வாசல்வரை வரவில்லை.

ஜெர்மன் முறையில் இப்படியான மேல்முறையீடு என்றால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும். சாட்சிகளும் திரும்பச் சொல்ல வேண்டும். அப்படித்தான் 2009 ஜூலை 1 அன்று மர்வா டிரெஸ்டன் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தார். கணவரும் மூன்று வயது மகனும் கூட வந்திருந்தார்கள். மர்வாவுக்கு அப்போது மூன்று மாதக் கர்ப்பம். ஒரு நீதிபதி, பொதுமக்களிலிருந்து எடுத்த இரண்டு துணை நீதிபதிகள், வழக்கறிஞர்கள். அவ்வளவுதான் அறையில். அவமதிப்பு வழக்குக்கு அதற்குமேல் எதற்கு?

குற்றம்சாட்டப்பட்டவன் முதுகுப்பையோடு வந்திருந்தான். வாசலில் பையைத் திறந்து பார்க்க யாரும் இல்லை. உள்ளே 18 சென்டிமீட்டர் நீள அலகுள்ள சமையலறைக் கத்தி இருந்தது.

விசாரணையின்போது அவன் மர்வாவைப் பார்த்து, ஜெர்மனியில் இருக்க உனக்கு என்ன உரிமை, இங்கே உனக்கு வேலையே இல்லை என்று கேட்டான். என்.பி.டி. ஆட்சிக்கு வந்தால் இதற்கெல்லாம் முடிவு வரும், என் ஓட்டு அவர்களுக்குத்தான் என்றும் சொன்னான். நீதிபதியின் முன்னால், வாக்குமூலமாகச் சொன்னான். என்.பி.டி. என்பது ஏதோ மூலையில் கிடந்த கும்பல் என்று நினைத்துவிடக் கூடாது. புதிய நாஜிகளின் கட்சியான அது 2004 தேர்தலில் 9.2 சதவீத ஓட்டு வாங்கி, டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தது. மர்வா இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் நடந்த அடுத்த தேர்தலிலும் 5.6 சதவீதத்தோடு உள்ளே போனது.

மர்வா சாட்சி சொல்லி முடித்தார். குடும்பத்தோடு வெளியே கிளம்பினார். அப்போது அவன் பாய்ந்தான். அரை நிமிடத்துக்குள் குறைந்தது 16 குத்துகள். தடுக்க வந்த கணவருக்கும் அதே அளவு. பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அந்த அறையில்தான் இருந்தான். மர்வா அங்கேயே இறந்தார். வயது 31.

அலாரம் அடித்ததும், வேறொரு வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த மத்தியப் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு ஓடிவந்தார். கத்திக்காக இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இருவர் மேலும் ரத்தம். அவர் சுட்டார். குண்டு மர்வாவின் கணவர் காலில் பாய்ந்தது.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் நிற்கிறேன். விசாரணை நடந்தது. குழப்பமான அந்தக் கணத்தில் நேர்ந்த தவறு என்று முடிவு செய்து அந்தப் போலீஸ்காரர் மீதான நடவடிக்கையைக் கைவிட்டார்கள். நீதிபதி மீதும் நீதிமன்றத் தலைவர் மீதும், பாதுகாப்பில் அலட்சியம் காட்டியதாக எழுந்த புகாரும் அப்படியே மூடப்பட்டது. அந்தப் போலீஸ்காரர் மனதில் என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவு அது. ஆனால் ஜெர்மனியில் வாழும் முஸ்லிம்கள் கேட்ட கேள்வியை எந்த விசாரணைக் கோப்பும் மூடவில்லை. ரத்தவெள்ளத்தில் இரண்டு பேர், ஒருவர் அரபு முகத்தோடு இருக்கிறார், இன்னொருவன் பொன்னிற ஐரோப்பியனாகத் தெரிகிறான் என்றால், ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் தானாகத் தேடும் திசை எது? இந்தக் கேள்வி ஒரு போலீஸ்காரரைப் பற்றியது மட்டும் இல்லை. செப்டம்பர் 2001க்குப் பிறகு ஐரோப்பாவின் விமான நிலையத்திலோ ரயிலிலோ, பையோடு ஏறி உட்கார்ந்த ஒவ்வொரு தாடிக்காரருக்கும் முக்காடு போட்ட பெண்ணுக்கும் அந்தக் கண் பழக்கமானது.

இனி கொலைகாரனைப் பற்றி. அவன் பெயரை எழுதும் அவசியம் எனக்கு இல்லை. ஆனால் அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்லாமல் இந்த வழக்கு புரியாது. அவன் பிறந்தது ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில். ஜெர்மனிக்கு வந்தது 2003இல், மர்வாவுக்கு இரண்டே வருடம் முன்னால். வேலை இல்லை, அரசு உதவித்தொகையில் வாழ்ந்தான்.

அவனைப் போன்றவர்களை "ரஷ்ய ஜெர்மானியர்" என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் பேரரசி கேத்தரின் அழைத்ததன் பேரில் வோல்கா கரையில் குடியேறிய ஜெர்மன் விவசாயிகளின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். 1941இல் ஸ்டாலின் அவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கடத்தினார். சோவியத் உடைந்தபின் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மனிக்கு வந்தார்கள். ரத்த வழியில் ஜெர்மானியர் என்பதால் சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. மொழி தெரியாமல் வந்து, ரஷ்யாவில் "ஜெர்மன்காரன்" என்றும் ஜெர்மனியில் "ரஷ்யாக்காரன்" என்றும் பேச்சு வாங்கிய மக்கள் அவர்கள். ஒருவன் செய்த கொலைக்கு அந்தச் சமூகத்தைக் கூண்டில் ஏற்றினால், முஸ்லிம்களுக்குச் செய்யப்படும் அதே அநியாயத்தை நாமும் செய்கிறோம்.

ஆனாலும் அந்தத் திடலில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். தமிழில் "வந்தேறி" என்று ஒரு சொல் இருக்கிறது. வந்தவர் என்று சொன்னால் அது செய்தி, வந்தேறி என்று சொன்னால் அது வசை. மர்வாவிடம் "உனக்கு என்ன உரிமை" என்று கேட்டவனும் அந்த மண்ணுக்கு நேற்று வந்தவன்தான். பாட்டன் பூட்டன் ரத்தத்தை வைத்து அவன் வீட்டுக்காரன் ஆனான். படிப்பு, உழைப்பு, வரிசையில் நின்று பெற்ற விசா எல்லாம் கையில் இருந்தும் மர்வா விருந்தாளியாகவே இருந்தார். நெடுங்காலமாக ஜெர்மன் குடியுரிமை பெரும்பாலும் ரத்தத்தைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைக்க வழி வந்தது 2000ஆம் ஆண்டில்தான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சட்டப் புத்தகத்தில் ஊறிக்கிடந்த ஒரு எண்ணத்தைத்தான் அவன் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு வாயால் சொன்னான்.

கொலை நடந்த பிறகான நாட்களில் ஜெர்மன் பத்திரிகைகள் பலவற்றில் இது ஒரு நீதிமன்றக் குற்றச் செய்தி. ஊஞ்சலுக்காக வந்த சண்டை, கொலையில் முடிந்தது, நீதிமன்றங்களில் பாதுகாப்பு போதுமா என்ற அளவில் பேச்சு ஓடியது. மத்திய அரசு வாய் திறக்கப் பல நாட்கள் ஆயின. ஜூலை 6 அன்று அலெக்சாண்ட்ரியாவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவரை அடக்கம் செய்தார்கள். எகிப்தில் அவரை "ஹிஜாபின் தியாகி" என்று அழைத்தார்கள். ஈரானிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதன் பிறகே பெர்லினுக்கு உறைத்தது. இத்தாலியின் லாகுவிலாவில் நடந்த ஜி-8 மாநாட்டில் ஆங்கெலா மெர்க்கல் எகிப்து அதிபர் முபாரக்கைச் சந்தித்து இரங்கல் சொன்னார்.

"தியாகி" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. துக்கத்தில் சொன்னார்கள், புரிகிறது. ஆனால் மர்வா சாகத் துணிந்து போனவர் அல்ல. பிள்ளைக்கு ஊஞ்சல் கேட்டவர், பிறகு நீதி கேட்டவர். சொந்த நாட்டுப் பெண்களின் உரிமையை மதிக்காத ஈரானின் ஆட்சியாளர்கள் அவர் படத்தைத் தூக்கிப்பிடித்தது அவருக்குச் செய்த மரியாதை ஆகாது. டிரெஸ்டன் அவரைச் சின்னதாக்கியது, தெஹ்ரான் அவரைக் கொடியாக்கியது. இரண்டுக்கும் நடுவில் அந்த மருந்தியல் பட்டதாரி காணாமல் போனார்.

அந்த வாரத்தில் சரியாக நடந்துகொண்ட ஒருவரைச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் கிராமர், ஜெர்மனியின் யூதர்கள் மத்திய சபையின் பொதுச்செயலாளர். அரசியல் தலைவர்கள் மௌனமாக இருந்தபோது அவர் முஸ்லிம்கள் மத்திய சபையின் அய்மன் மஸியெக்கோடு சேர்ந்து டிரெஸ்டன் மருத்துவமனைக்குப் போய், படுக்கையில் கிடந்த கணவரைப் பார்த்தார். ஒரு சிறுபான்மையினன் என்பதற்காகத் தான் அங்கே போகவில்லை என்று பிறகு எழுதினார். இனத்துக்காகவோ மதத்துக்காகவோ ஒருவரைத் தாக்குகிறவன் மொத்த ஜனநாயகச் சமூகத்தையே தாக்குகிறான் என்பது யூதன் என்ற முறையில் தனக்குத் தெரியும், அதனால் போனேன் என்றார். முஸ்லிம் வெறுப்பை ஓரத்து விஷயம் என்று ஒதுக்கி வந்தவர்களை அவர் கடிந்துகொண்டார். ஜூலை 11 அன்று டிரெஸ்டனில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்குச் சுமார் 1,500 பேர் வந்தார்கள். ஐந்து லட்சம் பேர் வாழும் நகரம் அது.

கொலை வழக்கு 2009 அக்டோபர் 26இல் தொடங்கியது, அதே கட்டடத்தில். இந்த முறை சுமார் 200 போலீசார், குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்பு, வாசலில் கடும் சோதனை. கணவர் ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொன்னார். குற்றவாளி தலையை மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதைக் கழற்ற மறுத்தான். பயத்தில், பதற்றத்தில் நடந்தது என்று அவன் தரப்பு வாதாடியது. முன்பு ரஷ்யாவில் மனநோய் என்று காட்டி அவன் ராணுவ சேவையிலிருந்து விலக்குப் பெற்ற தகவலும் வந்தது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. ஐரோப்பியர் அல்லாதவர்கள் மீதும் முஸ்லிம்கள் மீதும் கொண்ட வெறுப்பால் திட்டமிட்டுச் செய்த கொலை என்றது. நவம்பர் 11 அன்று ஆயுள் தண்டனை. குற்றத்தின் கொடுமை தனித்தன்மை வாய்ந்தது என்று சேர்த்துச் சொன்னதால், 15 ஆண்டு கழித்து விடுதலை கேட்கும் வழியும் அடைபட்டது. 2010இல் மத்திய உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனம் அதற்கு முந்தைய 330 யூரோவிலேயே நிற்கிறது. திடலில் விழுந்த சொற்களும் நீதிமன்றத்தில் விழுந்த கத்தியும் ஒரே வெறுப்பிலிருந்து வந்தவை என்று கொலை வழக்கின் தீர்ப்பு சொன்னது. அதை அந்தத் திடலிலேயே கண்டுகொண்டவர் மர்வா ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் ஒரு பிணம் தேவைப்பட்டது.

இதே காலத்தில் இதே மாநிலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அப்போது யாருக்கும் தெரியாமல். டிரெஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ட்சுவிகாவு ஊரில் நவநாஜிகள் மூவர் பொய்ப் பெயரில் குடியிருந்தார்கள். 2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் துருக்கிய வேர்கள் கொண்ட எட்டுப் பேரையும் ஒரு கிரேக்கரையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அடுத்து ஒரு போலீஸ்காரப் பெண்ணையும் கொன்றார்கள். இதெல்லாம் வெளியே வந்தது 2011 நவம்பரில். அதுவரை போலீஸ் கொலையாளிகளைத் தேடியது செத்தவர்களின் குடும்பங்களுக்குள். போதைப்பொருள் தகராறா, மாபியாவா, கள்ள உறவா என்று விதவைகளைத் துருவினார்கள். பத்திரிகைகள் "டோனர் கொலைகள்" என்று ஒரு சாப்பாட்டுப் பண்டத்தின் பெயரைச் சூட்டின. கணவனைப் பறிகொடுத்தவளையே சந்தேகிப்பதும், மனைவியைக் காக்கப் போனவரைச் சுடுவதும் எனக்குத் தூரத்து உறவாகப் படவில்லை.

டிரெஸ்டன் மர்வாவை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் ஜெர்மன், அரபு இரு மொழிகளிலும் நினைவுப் பலகை இருக்கிறது. அருகிலுள்ள பூங்காவுக்கு அவர் பெயர். நகரமும் மாநிலமும் சேர்ந்து அவர் பெயரில் கல்வி உதவித்தொகை தருகின்றன. ஜூலை 1ஐ முஸ்லிம் எதிர்ப்பு இனவெறிக்கு எதிரான நாளாக ஜெர்மனி முழுக்க அமைப்புகள் அனுசரிக்கின்றன. 2010இல் உள்ளூர்க் குடிமக்கள் அமைப்பொன்று நகரின் பல இடங்களில் கத்தி வடிவக் கான்கிரீட் தூண்களை நிறுத்தியது. அவர்மேல் விழுந்ததாக முதலில் சொல்லப்பட்ட குத்துகளை நினைவுபடுத்தி மொத்தம் 18. அவற்றில் பலவற்றை யாரோ இரவோடு இரவாகத் தள்ளிச் சாய்த்தார்கள்.

2014 அக்டோபரில் அதே நகரத்தில்தான் பெகிடா பிறந்தது. "மேற்குலகம் இஸ்லாமியமாவதை" எதிர்ப்பதாகச் சொல்லித் திங்கட்கிழமைதோறும் ஊர்வலம். 2015 ஜனவரியில் ஒருநாள் 25,000 பேர் வந்தார்கள் என்றது போலீஸ். மர்வாவின் அஞ்சலிக்கு வந்த 1,500ஐ இந்த எண்ணோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாக்சனி மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாத காலம் அது. பக்கத்து வீட்டில் முஸ்லிம் இருந்து பழகி வந்த வெறுப்பில்லை அது, பார்க்காத ஆளைப் பற்றிய கதைகளில் வளர்ந்தது. 2016 செப்டம்பரில் டிரெஸ்டன் மசூதி ஒன்றின் வாசலில் குண்டு வெடித்தது. இமாமின் குடும்பம் உள்ளே இருந்தது. யாருக்கும் காயமில்லை. குண்டு வைத்தவன் பெகிடா கூட்டத்தில் பேசியவன்.

2020 பிப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் ஒருவன் புலம்பெயர்ந்த வேர்கள் கொண்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு மத்திய உள்துறை அமைச்சகம் முஸ்லிம் வெறுப்பை ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2023 ஜூனில் வந்த அதன் அறிக்கை, முஸ்லிம்களுக்கு எதிரான கூற்றுகளை ஜெர்மனியில் இரண்டில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்றது.

போலீஸ் பதிவேட்டில் ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜெர்மனியில் அரசியல் நோக்கமுள்ள குற்றங்களை வகை பிரித்துப் பதிவார்கள். யூத வெறுப்புக்குத் தனிக் கட்டம் முன்பே உண்டு. "இஸ்லாம் வெறுப்பு" என்ற கட்டம் சேர்ந்தது 2017இல். மர்வா கொல்லப்பட்ட 2009ஆம் ஆண்டின் பதிவேட்டில் அவரை எழுத அப்படி ஒரு கட்டம் இல்லை.